காரணம் காட்டாத நல்லவர்

சாவிக்காரர் அந்த வருஷம் வரை எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை. இதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. அவர் நிரப்பிய படிவங்களே கொஞ்சம். அவற்றில் கேட்டிருந்ததும் பெயர், வயது, விலாசம். இந்த மூன்றில் பொய் சொல்லி என்னத்தைக் கண்டோம் என்று விட்டுவிட்டார்.

தபால் நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டியிருந்தது அவருடைய கடை. ஓர் ஆள் உட்கார்ந்தால் மற்ற ஆள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். சாவி வெட்டும் சின்ன இயந்திரம், நாலைந்து அரங்கள், பல் வெட்டாத வெற்றுச் சாவிகள் தொங்கும் பலகை, அவ்வளவுதான் சாமான். முப்பத்தோரு வருஷமாக அந்த வட்டாரத்தில் சாவியைத் தொலைத்தவர்கள், உடைத்தவர்கள், பிள்ளை விழுங்கிவிட்டது என்று ஓடி வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்தார்கள். பாதி ஊரின் வாசற்கதவு அவர் விரல் நுனியில் இருந்தது. யார் வீட்டிலும் எதுவும் காணாமல் போகவில்லை. இது ஒரு செய்தி என்றே யாருக்கும் தோன்றாமல் காலம் ஓடியது.

அந்த வருஷம்தான் நன்னடத்தைத் துறை திறக்கப்பட்டது. மக்களிடையே ஒழுக்கம் இருக்கிறது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆவணம் இல்லை என்று மேலிடம் கண்டுபிடித்திருந்தது. பிறருடைய சாவி, உடல், குழந்தை ஆகியவற்றைக் கையாளும் தொழிலாளர்கள் எல்லோரும் உரிமத்தை இனி அந்தத் துறையில்தான் புதுப்பிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. சாவிக்காரரும் போனார். படிவத்தில் இருபது கேள்விகள். பதினான்காவது இப்படி இருந்தது:

“நீங்கள் நல்லவராக நடந்துகொள்வதற்குக் காரணமான இறைநம்பிக்கை எது? பின்னிணைப்பிலுள்ள நாற்பதில் ஒன்றின் எண்ணை எழுதவும். காரணமின்றி நல்லவராக இருப்போர் இணைப்பு ‘ஊ’வைப் பார்க்கவும்.”

இணைப்பு ‘ஊ’ இன்னும் அச்சாகவில்லை. சாவிக்காரர் சற்று யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

நான்காம் கவுன்டரில் இருந்த அம்மாள் கோட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“என்ன அண்ணே, கோடு போட்டிருக்கீங்க?”

“அந்த விஷயம் எனக்குத் தெரியலைம்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உக்காந்து யோசிக்கத் தோதுப்படலை.”

“அப்போ எதுக்காக நல்லவரா இருக்கீங்க?”

“அப்படி எதுவும் தனியா செய்யலையே. சாவி வெட்டிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.”

“கோடு போட்டா கோப்பு நகராது அண்ணே. ஒரு நம்பர் எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.”

“நீங்களுமாம்மா?”

“நான் துறை ஊழியர். எங்களுக்கெல்லாம் மொத்தமா ஒரே தாள்ல எழுதி மேலேயே அனுப்பிட்டாங்க” என்றவள், அவர் பேனாவை எடுக்காததைக் கண்டு, கோப்பின் மேல் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினாள். அதில் ‘ஆதாரமற்ற நன்னடத்தை’ என்று இருந்தது.

ஆதாரமற்ற நன்னடத்தைப் பிரிவின் அதிகாரி இரண்டாம் மாடியில் இருந்தார். கண்ணியமான மனிதர். சாவிக்காரரை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

“பயப்படாதீங்க. உங்களைக் கெட்டவர்னு யாரும் சொல்லலை. நல்லவரா இருக்கீங்க, காரணம் காட்ட மாட்டேங்கிறீங்க. அதுதான் ஆபத்து. என்னையே எடுத்துக்குங்க. மேலே ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கார்ங்கிற பயம் மட்டும் இல்லைன்னா நான் என்ன செய்வேன்னு நினைக்கிறீங்க?”

“என்ன சார் செய்வீங்க?”

“முதல்ல என் மைத்துனனை மாடியிலேர்ந்து தள்ளுவேன்” என்றார் அதிகாரி. யோசித்துச் சொன்னது போல இல்லை. “அடுத்த வீட்டுக்காரன் கார்ல, பெட்ரோல் ஊத்துற இடத்துல, சர்க்கரை. மூணு வருஷமா சர்க்கரை வாங்கித் தனி டப்பாவுல வச்சிருக்கேன். அப்புறம் இந்த ஆபீஸ். இந்த ஆபீஸுக்குத் தீ வைக்கிறதுன்னா எந்த ஜன்னல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியும். எல்லாம் இங்கே இருக்கு” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். “ஒரே ஒரு கண்ணு. அதுதான் என்னைத் தடுத்து வச்சிருக்கு.”

ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்தக் கண்ணு இமைக்காம இருக்கணும் சார்” என்றார் சாவிக்காரர். மனதாரச் சொன்னார்.

“சரி. உங்களை யாரு தடுக்கிறா?”

“எதுலேர்ந்து சார்?”

“திருடுறதுலேர்ந்து.”

“நான் திருடக் கிளம்பலையே சார். கிளம்பினாத்தானே தடுக்கணும்?”

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ‘நேர்விசாரணைக்கு முன் களச் சோதனை தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

களச் சோதனை அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. துறையின் ஆய்வாளர் ஒருவர், ஒல்லியான ஆள், கடைக்கு வந்து ஒரு பூட்டின் விலையை விசாரித்தார். கையிலிருந்த வெளிநாட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பலகையில் வைத்தார். மறந்தவர் போல நடையைக் கட்டினார். பொருளைப் பத்து நிமிஷம் தனியே விட்டுவிட்டு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. சாவிக்காரர் அரை நிமிஷம்கூடத் தரவில்லை. “சார், கடிகாரம்!” என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனார். ஆய்வாளர் நடையை எட்டிப் போட்டார். சாவிக்காரரும் எட்டிப் போட்டார். ஆய்வாளர் ஓடினார். கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, கடிகாரத்தை இழந்தவர் முன்னால் ஓட, அதைக் கையில் வைத்திருந்தவர் பின்னால் துரத்தினார். ஆய்வாளர் நகர ஆரம்பித்த பேருந்தில் தொற்றி ஏறினார். சாவிக்காரர் அடுத்த நிறுத்தம் வரை ஓடிப் போய், ஜன்னல் வழியாக அவர் மடியில் கடிகாரத்தைப் போட்டார்.

அறிக்கையில் இவ்வாறு எழுதப்பட்டது: “பொருளைத் திருப்பிக் கொடுத்தார். மூச்சு வாங்கும் அளவுக்கு அவசரம் காட்டினார். நோக்கம் விளங்கவில்லை.”

நோக்கம் விளங்காதவரைத் திறந்த கடையில் உட்காரவிட முடியாது என்பதால், விசாரணை முடியும்வரை கடைக்குச் சீல் வைத்தார்கள். துறையின் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார்கள். அந்தப் பூட்டைப் பார்த்ததும் சாவிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பேருக்குத்தான் பூட்டு, நகத்தால் நெம்பினாலே வாயைப் பிளந்துவிடும் ஜாதி. இரண்டாம் நாள் அடித்த காற்றில் கதவு ஆடி ஆடி அது தானாகவே திறந்துகொண்டது. உள்ளே அவருடைய இயந்திரமும் அரங்களும் அப்படியே கிடந்தன. அவர் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, பேருந்து பிடித்துப் போய் நான்காம் கவுன்டரில் சொன்னார்: “அம்மா, உங்க பூட்டு சரியில்லை. வேற மாத்திடுங்க.”

“திறந்திருந்தா உங்களுக்கு நல்லதுதானே அண்ணே?”

“சீல் வச்சிருக்கீங்களேம்மா.”

அதற்கும் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. கோப்பு இப்போது இரண்டு விரற்கடை தடித்திருந்தது.

சாவிக்காரரின் மனைவி அரசு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். கடவுளை நம்புகிறவள். காலையில் எழுந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்குமாக வேண்டிக்கொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் அந்த நேரத்தில் சத்தம் போடாமல் பால் வாங்கிக்கொண்டு வருவார். இருபத்தாறு வருஷமாக இதில் இருவருக்கும் தகராறு வந்ததில்லை. கடை மூடிய பிறகு அவள் இரண்டு வேளை வேலைக்கு ஒப்புக்கொண்டாள்.

விசாரணைக்கு அவளும் கூட வந்தாள். ஒருதலைப்பட்சம் கூடாது என்று மூன்று வெவ்வேறு நம்பிக்கைகளைச் சேர்ந்த மூன்று உறுப்பினர்களை நியமித்திருந்தார்கள். இம்மூவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. சாவிக்காரர் ஆபத்தானவர் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

மனைவி எழுந்து நின்றாள். “ஐயா, என் நம்பிக்கையை அவர் பேர்ல எழுதிக்க முடியுமா? நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறேன்.”

உறுப்பினர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். “மனைவியின் நம்பிக்கை கணவருக்குச் செல்லாது” என்றார் முதல் உறுப்பினர். “மனைவி இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம்.”

“அவ்வளவு அவசரம் இல்லைங்க” என்று சொல்லி அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் உறுப்பினர் சாவிக்காரரிடம் கேட்டார்: “முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூட அடுத்தவன் வீட்டுக்குள்ள போகணும்னு தோணலையா? உண்மையைச் சொல்லுங்க.”

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு தடவை போயிருக்கேன்” என்றார்.

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“முன்னே ஒரு வீட்டுல குடியிருந்தோம். இவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தா. குழந்தை தங்கலை. இவளைக் கூட்டிக்கிட்டு வந்தா, வீட்டுக்காரர் எங்க சாமானைத் தெருவுல வச்சிருந்தார். வேற ஆளுக்கு விட்டுட்டாராம். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் டிரைவர் அவங்க வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து, ஒண்ணு வெட்டிக் கொடுன்னார். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. நான் ரெண்டா வெட்டினேன். ஒண்ணை வச்சுக்கிட்டேன். மறுநாள் அவங்க கார் வெளியே போறதைப் பார்த்துட்டுப் போய்த் திறந்தேன்.”

“எதை எடுத்தீங்க?” என்றார் மூன்றாம் உறுப்பினர், மேசைமேல் முழுதாகச் சாய்ந்து.

“எதையும் எடுக்கலை. எடுக்கப் போகலை. எல்லாத்தையும் உடைக்கத்தான் போனேன். உள்ளே நுழைஞ்சதும் ஒரு கதவு நிலையில பென்சில் கோடு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏழெட்டு. குழந்தையை நிக்க வச்சு உயரம் பார்த்துப் போட்டிருக்காங்க, பக்கத்துல தேதி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் வெளியே வந்து பூட்டிட்டேன். கடைக்கு வந்து அந்தச் சாவியோட பல்லை அராவிப் போட்டுட்டேன்.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தாள்.

“ஆக, யாரோ தடுத்திருக்கிறார்!” என்று முதல் உறுப்பினர் மேசையைத் தட்டினார். “சந்தேகமில்லாமல் எங்கள் இறைவன்.”

“உங்களுடையவர் எப்போதிலிருந்து பென்சிலால் எழுத ஆரம்பித்தார்?” என்றார் இரண்டாமவர். “எங்கள் நூலில் கோட்டைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.”

“அது கிழித்த கோடு. இது வரைந்த கோடு” என்றார் மூன்றாமவர்.

“ஐயா, கோடு அந்தக் குழந்தையோட அம்மாவோ அப்பாவோ போட்டதுங்க” என்று சாவிக்காரர் இடையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சாட்சி குறுக்கிடக் கூடாது என்றார்கள். வாதம் சாப்பாட்டு இடைவேளையையும் தாண்டிப் போயிற்று. கடைசியில், பென்சில் கோட்டின் உரிமையாளர் யார் என்பது முடிவாகும்வரை உரிமத்தை நிறுத்திவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அது முடிவாகச் சுமார் நாலு வருஷம் ஆகும் என்று நான்காம் கவுன்டர் அம்மாள் கணித்தாள்.

பேருந்தில் திரும்பும்போது மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நிறுத்தம் கழித்துக் கேட்டாள்: “அந்த வீட்டுக்குப் போனீங்களா?”

“போனேன்.”

“என்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“சொல்ற மாதிரியான விஷயமா அது?”

இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் தூங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கையைச் சுட்டுக்கொண்டாள். இரண்டாம் வேளை வேலையில் நின்றபடியே கண் அசந்திருக்கிறாள். கொதிநீராவி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பட்டுவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே நன்னடத்தைத் துறைக்குப் போனார்.

“அம்மா, அந்தப் படிவத்தை எடுங்க” என்றார். பேனாவை வாங்கி, போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு ‘7’ என்று எழுதினார்.

“ஏழா?” என்றாள் நான்காம் கவுன்டர் அம்மாள்.

“ஏன், ஏழு இல்லையா?”

“இருக்கு, இருக்கு. நல்ல நம்பர்தான்” என்று சொல்லிச் சிவப்புச் சீட்டைக் கிழித்தாள்.

பதினைந்தே நிமிஷத்தில் சான்றிதழ் வந்தது. ‘இவர் உண்மையே பேசுபவர் என்று இத்துறை சான்றளிக்கிறது. முதல் தரம்.’ கீழே முத்திரை, கையெழுத்து. ஒல்லி ஆய்வாளரே வந்து சீலை உடைத்துக் கைகுலுக்கினார். சாவிக்காரர் கடையைத் திறந்து, தூசி தட்டி, வேலைக்கு உட்கார்ந்தார். அன்றைக்கு வெட்டிய முதல் சாவி பூட்டில் நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை.

மாலையில் மனைவி சான்றிதழைக் கட்டுப் போட்ட கையில் வாங்கி முழுக்கப் படித்தாள்.

“ஏழுன்னா என்ன?” என்று கேட்டாள்.

“தெரியலை. பின்னாடி புரட்டிப் பார்க்கலை.”

அவள் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “உங்களுக்கு நம்பிக்கை கிடையாதுன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். எங்க அண்ணன்கூட வேண்டாம்னு சொன்னாங்க. நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மனுஷன், வேற எதுல பொய் சொல்லப் போறார்னு கேட்டேன் நான்.” குரல் உயரவே இல்லை. “நான் தினமும் கண்ணை மூடி உக்கார்றது உங்களுக்கு வெறும் நம்பரா போச்சா?”

“உன் கையைப் பார்த்தேன். வேற வழி தெரியலை.”

“கை ஆறிடும்ங்க” என்றாள்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போகவில்லை. சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய், அதிகாரி முன்னால் வைத்தார்.

“சார், இதை வாங்கிக்குங்க. நான் எழுதினது பொய். ஏழும் இல்லை, எட்டும் இல்லை. சீல் வைக்கிறதுன்னா வச்சுக்குங்க. இந்தத் தடவை நல்ல பூட்டா போடுங்க.”

அதிகாரி மெதுவாக எழுந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

“பொய் சொன்னீங்களா?”

“ஆமாம் சார்.”

“மனசு உறுத்துச்சா?”

“உறுத்துச்சு சார்.”

“நீங்களாவே வந்து ஒத்துக்கிறீங்க?”

“ஆமாம் சார். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி யாரும்...”

“திருந்திட்டார்!” என்று அதிகாரி கத்தினார். தட்டச்சுப் பெண் திடுக்கிட்டுக் கைப்பையை அணைத்துக்கொண்டாள். “பாரும்மா, திருந்திட்டார்! மூணு மாசமா இந்தப் பிரிவை நடத்துறேன், ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் திருந்தலை. எல்லாரும் முதல்லேர்ந்தே நல்லவங்கன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுறாங்க. அவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன அறிக்கை அனுப்புறது?”

திருந்தியவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருந்தது. அதில் பதினான்காம் கேள்வி கிடையாது. திருந்தியதே போதுமான ஆதாரம் என்று விதி. சாவிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரி முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் வந்தேன் என்றார். அதிகாரி அதைத் ‘தெய்வாதீனமாக’ என்று ஒரே சொல்லில் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். ஆயுள் உரிமம். கூடவே கடையில் மாட்டிவைக்க ஒரு தகரப் பலகையும் தந்தார்கள்.

வீட்டில் அதைக் கேட்டு மனைவி சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுட்ட கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவருக்கு அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

பலகையை மாட்டாவிட்டால் உரிமம் ரத்து. கடை முகப்பில் மாட்டினார். ‘இக்கடைக்காரர் முன்பு பொய்யர். தற்போது திருந்தியவர். துறையின் கண்காணிப்பில் உள்ளார்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. முப்பத்தோரு வருஷமாக வந்துகொண்டிருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, சாவியைப் பையிலேயே போட்டுக்கொண்டு நடந்தார்கள். எதிர்ச்சாரியில் ஒல்லி ஆய்வாளர் குறிப்பேட்டோடு நின்றிருந்தார். பதினொரு மணி வரை ஒரு வேலையும் வரவில்லை.

பிறகு சந்தைக்குப் போகிற அவசரத்தில் ஒரு பெண் வந்தாள். கையில் இரண்டு பைகள். பலகையை உரக்க வாசித்தாள்.

“என்ன பொய் சொன்னீங்க?”

“கடவுளை நம்புறேன்னு சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“நன்னடத்தைத் துறைகிட்ட.”

“அவங்ககிட்டயா? நான் பதினொண்ணுன்னு எழுதிக் கொடுத்தேன். எங்க ராசியான நம்பர்” என்று சொல்லி, வீட்டுச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இதே மாதிரி ஒண்ணு வெட்டி வைங்க அண்ணே. வீட்டுல யாரும் இல்லை, நான் வர மத்தியானம் ஆகும்.” சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்து, எச்சில் தொட்டுப் புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

சாவிக்காரர் வெற்றுச் சாவி ஒன்றை எடுத்து இயந்திரத்தில் பொருத்தி வெட்டினார். பிசிறைத் தட்டி, அரத்தால் தேய்த்து, இரண்டையும் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் சரியாக இருந்தது. ஆணியில் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கின. இரண்டும் அவளுடையவை.